படலை திறந்து வந்தவர்கள்

அரியாலை மாம்பழச் சந்தியிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி, சைக்கிளில் போனால் கால் மணித்தியாலம். 1950களில் அந்தக் கால் மணித்தியாலத் தூரத்தைக் கடக்க ஒரு நோயாளிக்குச் சில வேளை ஒரு கிழமை எடுத்தது.

காய்ச்சல் என்றால் முதல் நாள் அடுப்படி வைத்தியம். வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்த குடிநீர், நெற்றியில் ஒரு பற்று. மூன்றாம் நாள் பரியாரியார் வந்து நாடி பிடித்தார். அதற்கும் கேட்காவிட்டால், வெளியூர்களில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறி வந்திருந்த அப்போதிக்கரி ஐயாவிடம் போத்தலோடு போனார்கள். அடுத்தது பட்டணத்துப் பிறைவேற் டொக்டர். இத்தனையும் கைவிட்ட பிறகுதான் ஏ-40 காருக்கு ஆள் ஓடும். "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோட்டினமாம்" என்ற செய்தியை ஊர் பாதி இழவுச் செய்தியாகவே கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆள் திரும்பாது என்ற பேச்சுக்கு, ஆளைப் பிந்திக் கொண்டுபோனது பெரிய காரணம். அதை ஆஸ்பத்திரியின் கணக்கில் எழுதினார்களே தவிர, தங்கள் கணக்கில் யாரும் எழுதவில்லை.

இந்தப் படிகளையெல்லாம் பார்த்து வளர்ந்த பையன் ஒருவன், அரியாலையின் வழக்கப்படியே, படித்துக் கொழும்பில் அரசாங்கக் கிளாக்கர் ஆனான். சுகாதார அறிக்கைகளின் புள்ளிவிவரப் பக்கங்களை அச்சுக்குப் போகுமுன் சரிபார்ப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. சின்ன வயதில் வளவுக்குள் நடந்ததெல்லாம் அங்கே நிரல் நிரலாக இலக்கங்களாகி நிற்பதை அவர் கண்டார். அவர் சொல்வது இதுதான்: போத்தல் மருந்துக்கும் ஊசிக்கும் ஊர் கொடுத்த புகழில் ஒரு பங்கைத்தானும், கூப்பிடாமலே படலையைத் திறந்துகொண்டு வந்த சில சின்ன உத்தியோகத்தர்களுக்குக் கொடுக்கவில்லை. அவர்களை ஊர் தொந்தரவு என்றே எண்ணியது.

போத்தலின் புகழுக்குக் காரணம் இல்லாமலில்லை. அப்போதிக்கரி ஐயாவின் மருந்தறை வீட்டு விறாந்தையின் ஒரு மூலைதான். போத்தலை நோயாளி வீட்டார்தான் கொண்டுபோக வேண்டும், கழுவி, மூடியோடு. சாராயப் போத்தலைக் கொண்டுபோனால் ஏச்சு விழும். அவர் ரோஸ் நிற மிக்சரை ஊற்றி, நீளக் காகிதம் ஒன்றை மடித்துக் கத்தரியால் பல் பல்லாக வெட்டிப் போத்தலின் பக்கத்தில் ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளை மருந்து. எழுத வாசிக்கத் தெரியாத கிழவிக்கும் அளவு தவறாது. மருந்துக்கலையில் அதைவிட நல்ல கண்டுபிடிப்பு ஒன்றைத் தான் பின்னாளிலும் காணவில்லை என்பார் கிளாக்கர். காய்ச்சலுக்கு ஏ.பி.சி. குளிசை, புண்ணுக்கு மெர்குரோகுரோம், தொண்டைக்குள் பூச ஒரு ஊதா மை. இவ்வளவோடு பாதி ஊரைச் சமாளித்தார் மனுஷன்.

பரியாரியாரின் ராச்சியம் வேறு. யாழ்ப்பாண அரசர் பெயரோடு வழங்கும் 'பரராசசேகரம்' போன்ற வைத்திய நூல்களில் அவருக்கு வேண்டிய பாட்டுகள் மனப்பாடம். செங்கமாரி, வாதம், விஷக்கடி எல்லாம் அவரிடம்தான். கை முறிந்தால் மட்டும் அவரும் கைவிரித்து ஒட்டகப்புலத்துக்கு அனுப்பிவிடுவார். எண்ணெய் போட்டு மட்டை வைத்துக் கட்டிவிடும் அந்த முறிவு வைத்தியர்களிடம் போனவர்களில் படித்த உத்தியோகத்தர்கள் பாதிப் பேர். சின்னமுத்து, கொப்புளிப்பான் என்றால் பரியாரியாருக்கும் வேலையில்லை. வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் அது அம்மனுடைய விஷயம்.

முதலில் படலை திறந்தவர் மருத்துவிச்சி. ஊரில் பரம்பரையாகப் பிள்ளைப்பேறு பார்த்த ஆச்சி இல்லை, அரசாங்கம் பயிற்றி அனுப்பிய மருத்துவிச்சி. ஊர்ப் பெண்கள் அவரை 'மிஸி' என்றார்கள். இலங்கையில் முதற் சுகாதாரப் பகுதி 1926இல் களுத்துறையில் தொடங்கியது. ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு வந்த அந்த ஏற்பாட்டின் கரு எளியது: நோயாளி வரும்வரை இருக்காமல், ஒரு குறித்த எல்லைக்குள் உள்ள வீடுகளை உத்தியோகத்தர் தேடிப்போவது. கால் நூற்றாண்டுக்குள் அது அரியாலை ஒழுங்கைகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது, வெள்ளைச் சேலையும் குடையும் கறுத்தத் தோற்பையுமாக.

பையனின் தங்கச்சி 1951இல் வீட்டில்தான் பிறந்தாள். அம்மம்மா லேசில் விடவில்லை.

"நான் ஏழு பெத்தனான் மிஸி. எனக்கு ஆரும் கத்தரிக்கோல் அவிச்சுத் தரேல்லை."

"ஏழிலை எத்தினை இருக்கு ஆச்சி?"

அம்மம்மா பதில் சொல்லாமல் அடுப்பில் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள். இருந்தது நாலு. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. பிள்ளையை எடுப்பதும் கொடி வெட்டுவதும் மிஸி. நல்லெண்ணெய் பூசி வேது தண்ணீர் வார்ப்பது, சரக்கு அரைப்பது, பத்தியக் கறி, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு எல்லாம் அம்மம்மாவின் பொறுப்பு. மிஸி புத்திசாலி. சரக்குத் தண்ணியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கத்தரிக்கோல் கொதிக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

அம்மம்மா இழந்த மூன்றில் ஒன்று, பிறந்த ஒரு கிழமைக்குள் வாய் இறுகி, பால் குடிக்க மாட்டாமல், உடம்பு வில்லாக வளைந்து செத்தது. பேய் அடித்தது என்றுதான் அவள் சாகும்வரை சொன்னாள். கொடி வெட்டிய கருவியால் ஏறும் ஏற்புவலி அது என்பதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு என்ன ஆறுதல்?

பின்னாளில் கந்தோரில் அந்த நிரல்கள் கிளாக்கரின் கைக்கு வந்தன. 1946இல் இலங்கையில் உயிரோடு பிறந்த ஒவ்வோர் ஆயிரம் பிள்ளைகளில் 141 பிள்ளைகள் முதற் பிறந்தநாளைக் காணவில்லை. 1950இல் அது 82. 1960இல் 57. பேற்றோடு இறந்த தாய்மார் கணக்கு இன்னும் வேகமாகச் சரிந்தது: 1946இல் ஆயிரம் பிறப்புக்கு 15.5, நாலே வருஷத்தில் 5.6. வருமானம் அப்படியொன்றும் கூடாத ஒரு நாட்டில் இது எப்படி நடந்தது என்று வெளிநாட்டு அறிஞர்கள் வருஷக்கணக்காகக் கட்டுரை எழுதினார்கள்.

அவர்களுடைய சண்டையின் நடுவில் நின்றது டி.டி.ரி. 1934–35இல் மலேரியா இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோயிருந்தது. யுத்தம் முடிந்த கையோடு, 1946 முதல், வீடு வீடாக டி.டி.ரி. அடிக்கத் தொடங்கினார்கள். நாட்டின் இறப்பு வீதம் 1946இல் ஆயிரத்துக்கு 20.3 ஆக இருந்து அடுத்த வருஷமே 14.3 ஆயிற்று. பீட்டர் நியூமன் என்ற பொருளியலாளர் இதில் பெரும் பங்கை மலேரியா ஒழிப்புக்குக் கொடுத்தார். இலங்கைக் குடித்தொகையியலாளர் எஸ். ஏ. மீகம உட்படப் பலர் அதை ஏற்கவில்லை. ஆஸ்பத்திரி, மருத்துவிச்சி, உணவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். கிளாக்கர் மீகமவின் பக்கம். மிஸியைக் கண்டவர் வேறு எந்தப் பக்கம் நிற்பார்?

அரியாலையில் டி.டி.ரி.யை வேறு காரணத்துக்காக வரவேற்றார்கள். முதுகில் தாங்கியைக் கட்டிக்கொண்டு காக்கிச் சட்டைக்காரர் இரண்டு பேர் வருவார்கள். அரிசிப் பானை, உறியில் தொங்கும் தயிர்ச் சட்டி, பாய் தலையணை எல்லாம் முற்றத்துக்கு வரும். ஓலைக் கூரையின் உட்பக்கம் முழுக்க அடித்து, சுவரில் வெள்ளைக் கோடு விழ விட்டுப் போவார்கள். சாமி அறைக்குள் மட்டும் அம்மம்மா விடமாட்டாள். "பிள்ளையாருக்கு நுளம்பு கடிக்காது." அன்றிரவு வீட்டில் ஒரு மூட்டைப்பூச்சி இல்லை; அதுதான் ஊர் மெச்சிய அதிசயம். கொஞ்சக் காலத்தில் மூட்டைப்பூச்சி பழகிக்கொண்டு திரும்பிவிட்டது. அதோடு மெச்சுவதும் நின்றது. ஆனால் நுளம்பின் கணக்கு வேறு மாதிரிப் போனது: 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். வெற்றி என்று எண்ணி அடிப்பதையும் தேடுவதையும் தளர்த்தியபின், 1968–69இல் ஐந்து லட்சத்துக்கு மேல். அந்த இரண்டு இலக்கங்களையும் ஒரே பக்கத்தில் கண்டபோது அச்சுப் பிழை என்று எண்ணி மேலதிகாரியிடம் கொண்டுபோனவர்களும் உண்டாம். இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுக்க 2016 ஆகிவிட்டது.

இனி, ஊர் மிகவும் வெறுத்த மனுஷருக்கு வருவோம்: பி.எச்.ஐ. எனப்பட்ட சுகாதாரப் பரிசோதகர். சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு அவர் நேரே கிணற்றடிக்குப் போவார். மருத்துவிச்சிக்குத் தேத்தண்ணி கிடைத்தது. இவருக்கு முகம் கொடுத்துப் பேசவே ஆள் இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு ஒன்று இல்லை. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீர். மேலே கொஞ்ச மண், அடியில் துவாரமும் வெடிப்புமாகச் சுண்ணக்கல். மழைநீர் அந்த வெடிப்புகளுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே நன்னீராக மிதக்கிறது. அதை நம்பித்தான் வளவுக்கு ஒரு துலாக் கிணறு. தண்ணீர் இறங்கும் அதே வழியால் மற்றதும் இறங்கும் என்பதுதான் வில்லங்கம். ஐப்பசி, கார்த்திகையில் மாரி பிடித்தால் கிணறு கையால் அள்ளும் உயரத்துக்கு ஏறும். அப்போது கிணறும் கக்கூசுக் குழியும் நிலத்துக்கடியில் ஒரே தண்ணீரில் கை நனைக்கும். மாரி கழிய நெருப்புக்காய்ச்சல் வரும். செங்கமாரி வரும்.

பரிசோதகர் கேட்டது கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடி இடைவெளி. அதில் மோதியது மண்ணோ கல்லோ அல்ல, சீதனம். தேசவழமைப்படி பெண் பிள்ளைக்குக் காணி எழுதிக் கொடுப்பது ஊர் வழக்கம். அம்மம்மாவின் வளவு பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்குமாக மூன்றாகப் பிரிந்தது. உறுதியில் காணிக்குக் கீழே ஒரு வரி: கிணற்றில் பங்கு, போக்குவரத்துப் பாதை, நீர் அள்ளும் உரித்து. ஒரே கிணறு, மூன்று வீடு, மூன்று குழி. எந்த மூலையில் தோண்டினாலும் யாராவது ஒருத்தியின் கிணற்றடி கிட்ட வந்தது. நொத்தாரிசுமார் எழுதிய அந்த உறுதிகளை எல்லாம் அடுக்கி வாசித்தால் யாழ்ப்பாணத்து நெருப்புக்காய்ச்சலின் வரலாற்றை எழுதலாம் என்று கிளாக்கர் பகிடியாகச் சொல்வார். பாதி பகிடிதான்.

மாரி முடிந்ததும் பரிசோதகரின் ஆள் குளோரின் தூளைக் கரைத்துக் கிணற்றில் விடுவான்.

"உதென்ன தம்பி, குடிக்கிற தண்ணிக்குள்ளை கொட்டுறியள்? தேத்தண்ணி வாயிலை வைக்கேலாது."

"ரண்டு நாள் பொறுங்கோ அம்மா."

இரண்டு நாள் பொறுக்காமல் அயல் வளவில் அள்ளிக் குடிப்பார்கள். அயல் வளவுக் கிணற்றுக்கு அவன் அடுத்த நாள்தான் போவான்.

அள்ளிக் குடிக்க அயல் கிணறு எல்லாருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினர் கிணற்றுக்கட்டில் கை வைக்க முடியாது. யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு நிற்கவேண்டும். குடாநாடு முழுக்க அதுதான் நடைமுறை. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் போராட்டம் வெடித்தபோது, தண்ணீரும் அதன் பின்னால் நின்றது. பரிசோதகரின் கொப்பியில் கிணற்றின் ஆழத்துக்கு இடம் இருந்தது, கட்டு உயரத்துக்கு இடம் இருந்தது. யார் அள்ளலாம் என்பதற்கு ஒரு நிரல் இருக்கவில்லை.

யாழ்ப்பாணம் 1949இல் மாநகரசபை ஆயிற்று. சாம் சபாபதி முதல் மேயர். அரியாலையின் பட்டணப் பக்கம் சபை எல்லைக்குள்ளும் கிழக்குப் பக்கம் வெளியிலுமாக நின்றன. எல்லைக்குள் இருந்த வீடுகளில் பலவற்றில் வாளிக் கக்கூசு. விடியப்புறம் சபைத் தொழிலாளி பின் ஒழுங்கையால் வந்து, சுவரின் அடியில் இருந்த சிறு கதவைத் திறந்து வாளியை இழுத்து எடுப்பான். தமிழ்நாட்டிலிருந்து இந்த வேலைக்கென்றே கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். ஊரின் சுகாதாரத்துக்கு மிக அதிகம் செய்த அந்த மனிதனுக்கு முன் படலை ஒருநாளும் திறக்கவில்லை. அவனுடைய பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கு ஒரு பழைய வேட்டியும் காசும் மதிலுக்கு மேலால் போகும். மூன்று நாள் அவன் வராவிட்டால்தான் அவன் நினைவு வரும், அதுவும் மூக்கைப் பொத்திக்கொண்டு.

பையனுக்கே நெருப்புக்காய்ச்சல் வந்தது ஒரு மாரிக்குப் பிறகு. குடிநீர், பற்று, ரோஸ் மிக்சர் எல்லாம் ஒவ்வொன்றாகத் தோற்றன. பட்டணத்து டொக்டர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமத்தினார், குளோரோமைசெட்டின் என்று துண்டில் எழுதினார். விலை கேட்டு அப்பா ஒருமுறை இருமினார். பக்கத்து வளவில் ஒரு மலாயாப் பென்ஷன்காரர் இருந்தார். "உந்த மருந்து எங்கட கோலாலம்பூரிலைதானே முதல் பிடிச்சது" என்றார். கோலாலம்பூரில் சூரியன் முதல் உதித்தது என்றும் சொல்லக்கூடிய ஆள் என்பதால் ஒருவரும் காது கொடுக்கவில்லை.

மனுஷர் சொன்னது உண்மை. 1948இல் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் அமெரிக்க வைத்தியர் குழு ஒன்று அந்த மருந்தை உண்ணிக் காய்ச்சலில் சோதிக்கக் கோலாலம்பூர் போனது. உண்ணிக் காய்ச்சல் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது நெருப்புக்காய்ச்சல். அவர்களும் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்தார்கள். அதுவரை மூன்று நாலு கிழமை எரித்து, குடலில் ஓட்டை விழுத்திக் கொன்ற நோய்க்கு முதல் முறையாக ஒரு மருந்து கிடைத்தது. பையன் பிழைத்தான். தலைமயிர் கொட்டிற்று, முளைத்தது. கேட்டவர்களிடம் அம்மம்மா சொன்னது: "சித்திவிநாயகருக்கு நேர்ந்தனான், டொக்டரும் நல்ல குளிசை தந்தவர்." கிணற்றைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அவனை வாட்டில் சில நாள் வைத்திருந்தது பெரியாஸ்பத்திரிதான். அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக், 1850இல் ஒரு நட்புதவிச் சங்கத்தைக் கொண்டு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. 1907இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. தருமாஸ்பத்திரி என்ற பழைய பேர் கிழவிகளின் வாயில் அப்போதும் இருந்தது. சுற்றிவர வேறு இடங்களும் இருந்தன. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848 முதல் வேலைசெய்து, அறுபதுக்கு மேற்பட்ட மாணவர்களை வைத்தியராக்கி, பிற்பாடு தமிழிலேயே பாடம் நடத்தி, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கிய இடம் இருந்தது. இணுவிலில் பெண்களுக்கென்று மக்லியோட் ஆஸ்பத்திரி 1898 முதல். மூளாயில் 1930களில் ஊரவர் பங்குப் பணம் போட்டு நடத்திய கூட்டுறவு ஆஸ்பத்திரி. இணுவில் என்றால் பிள்ளைப்பேறு, மூளாய் என்றால் சத்திரசிகிச்சை என்று ஊர்ப் பெண்களிடம் ஒரு மனக்கணக்கு.

பெரியாஸ்பத்திரிக்குப் போனவனோடு வீடே போனது. சுடுதண்ணீர்ப் போத்தல், செம்பு, பாய், பாண், சோடா. பார்வையாளர் நேரத்துக்கு ஒழுங்கையில் பாதி வந்து நிற்கும். 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணங்கள் எடுபட்டிருந்தன. ஆகையால் இலவசம் என்ற சொல்லுக்கு அரியாலையின் உத்தியோகக் குடும்பங்களில் ஒரு கூச்சமும் ஒட்டிக்கொண்டது. வசதியுள்ளவர் பிறைவேற்றுக்குப் போகாமல் வாட்டில் கிடப்பது கௌரவக் குறைவு. 1970களில் வெளிநோயாளர் துண்டுக்கு 25 சதம் என்று அரசாங்கம் வைத்தபோது, அதைக் குறைகூறிய குரல்களில் ஆகப் பெரியவை இந்தக் குடும்பங்களிலிருந்தே எழுந்தன. 1977இல் 25 சதமும் போயிற்று.

மிஸியின் வேலை இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்ற பெயரில் தொடர்கிறது. பரிசோதகர்கள் இப்போது டெங்கு நுளம்புக்கு வளவு பார்க்கிறார்கள். சிரட்டையில் தண்ணீர் நின்றால் வழக்கு. 2020 மார்ச்சில், அரியாலையில் நடந்த ஓர் ஆராதனைக் கூட்டத்தோடு தொடர்புபட்டவராக யாழ்ப்பாணத்தின் முதற் கொரோனா நோயாளி அடையாளம் காணப்பட்டபோது, கூட்டத்துக்குப் போனவர்களைத் தேடி ஊர் ஊராகக் கதவு தட்டியவர்களும் அவர்கள்தான். அப்போது ஊரடங்கில் கொழும்பில் இருந்த கிளாக்கருக்குச் சொந்த ஊரின் பேர் முதன்முறையாக எல்லாத் தொலைக்காட்சியிலும் கேட்டது.

தங்கச்சி இன்னும் அந்தப் பங்குக் காணியில்தான். பெரியம்மாவின் துண்டு இரண்டாகி, அதில் ஒன்றில் மாடி வீடு எழும்பி, புதுக் குழி ஒன்றும் வந்திருக்கிறது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கன மீற்றர் என்று கணக்கு. குழாய் இணைப்புக்கு எழுதிக் கொடுக்கும்படி அண்ணர் தொலைபேசியில் வற்புறுத்துகிறார், ஆயிரத்துக்கு 141, 82 என்று பழைய நிரல்களையெல்லாம் ஒப்புவித்துக்கொண்டு.

"எழுதிக் குடுத்திட்டன் அண்ணை. உடுப்புத் தோய்க்க எடுப்பம். தேத்தண்ணிக்கு எங்கட கிணறுதான் ருசி" என்கிறாள்.

"கொதிக்க வைச்சே குடிக்கிறாய்?"

"பின்னை, தேத்தண்ணியைப் பச்சைத் தண்ணியிலே ஊத்துறது?"